திக்பிரமை: சுழல்வது தலையா, திசையா?

தெம்பனிஸ் வாசகர்: 'திக்பிரமை பிடித்தவன் போல நின்றான்' என்று எழுதியிருந்தேன், ஐயா. அதிர்ச்சியில் உறைந்துபோனான் என்பதுதானே பொருள்?

இன்றைக்கு அப்படித்தான் எல்லோரும் சொல்கிறோம், தவறில்லை. ஆனால் சொல்லுக்குள்ளே அதிர்ச்சி கிடையாது. திக் என்பது திசை. உகரம் சேர்த்து நாம் திக்கு என்கிறோமே, அதேதான். பிரமை 'ப்ரம' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. சுற்றுவது, சுழல்வது என்று பொருள். வண்டைப் பிரமரம் என்பதும், பிரமிப்பு என்ற சொல்லும் அந்த வேரைச் சேர்ந்தவை. ஆக, திசைகளெல்லாம் சுழன்றுபோய், கிழக்கு எது மேற்கு எது என்று பிடிபடாமல் நிற்பதுதான் திக்பிரமை. இங்கே சிங்கப்பூரில், தேக்காவில் எம்ஆர்டி ரயில் நிலையப் படியேறி வெளியே வந்ததும், சிராங்கூன் சாலை எந்தப் பக்கம் என்று ஒரு கணம் முழிக்கிறோமே, அசல் திக்பிரமை அது.

யீஷூன் வாசகி: நான் கடைக்குப் போய்த் தாமதமாக வந்தால் என் பாட்டி 'திகைப்பூண்டை மிதிச்சிட்டியா?' என்பார். அப்படி ஒரு செடி உண்டா?

எவ்வளவு நல்ல சொல்லைப் பாட்டி காப்பாற்றி வைத்திருக்கிறார்! காட்டில் திகைப்பூண்டை மிதித்தவர் வழி மறந்துவிடுவார், எவ்வளவு நடந்தாலும் மிதித்த இடத்துக்கே வந்து நிற்பார் என்பது ஊர் நம்பிக்கை. பூண்டை விடுங்கள், அந்தச் சுற்றல் நிஜம். 2009இல் ஜெர்மனியில் உள்ள ஆய்வாளர்கள் சிலரை ஒரு காட்டுக்குள்ளும் சகாரா பாலைவனத்திலும் நேராக நடக்கச் சொன்னார்கள். சூரியனோ நிலவோ தெரிந்தவரை ஓரளவு நேராகப் போனவர்கள், அது மறைந்ததும் தங்களை அறியாமலே வட்டமடித்தார்கள். பிரமை என்றால் சுழற்சி என்றேனே, சொல்லை உண்டாக்கியவர்களுக்கு அது தெரிந்திருக்கிறது.

அப்புறம், பக்திப் பாடல்களில் 'எண்திகை' என்று வருவது எட்டுத் திசைதான். அதற்காகத் திகைப்பையும் அந்தத் திகையையும் ஒன்றாக முடிச்சுப் போட மாட்டேன். ஒலி ஒத்துப்போவது மட்டும் உறவுக்குப் போதாது.

உட்லண்ட்ஸ் வாசகர்: திக்குமுக்காடுவதும் இதுதானா?

இல்லை. அது மூச்சுத் திணறுவது.

ஜூரோங், கட்டுமானத் தொழிலாளி: ஊரில் வெயிலைப் பார்த்தே திசை சொல்வேன். இங்கே தப்பித் தப்பிப் போகிறது. எனக்குப் புத்தி மழுங்கிவிட்டதா?

இல்லை, தம்பி. நம் கிழக்கு 'கீழ்' என்பதிலிருந்தும் மேற்கு 'மேல்' என்பதிலிருந்தும் வந்தவை. தமிழ்நாட்டில் மேற்கே மலை, கிழக்கே கடல், நிலமே திசை சொல்லும். ஆங்கிலத்தின் 'டிஸ்ஓரியன்ட்' வேறு வழியில் வந்தது. ஓரியன்ட் என்றால் லத்தீனில் உதிப்பது, அதனால் கிழக்கு. கிழக்கைத் தவறவிட்டவர் திசை தவறியவர். இந்தத் தீவில் நிலமும் கைகொடுக்காது, உச்சிவேளையில் சூரியனும் கைகொடுக்காது. இங்குள்ள புக்கிட் தீமா குன்று மேற்கில் இல்லை, ஏறத்தாழ நடுவில் இருக்கிறது. நிலநடுக்கோடு பக்கத்திலேயே இருப்பதால் உச்சி நிழல் பாதி வருடம் வடக்கே விழும், மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் நடு வரை தெற்கே விழும். அந்த உச்சிவேளையும் இங்கே பன்னிரண்டு மணிக்கு வராது, ஒரு மணிவாக்கில்தான் வரும். நீங்கள் காலை எட்டு மணிக்கு வேலையிடத்தில் நிழலைப் பாருங்கள். வருடம் முழுக்க அது மேற்குப் பக்கம்தான் சாயும்.