விவாகரத்து மனுவில் கையெழுத்துப் போடும் முன் வீட்டுக் கணக்கை முடியுங்கள்

கேள்வி: நானும் என் கணவரும் 2019-இல் மேடவாக்கத்தில் 60 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட் வாங்கினோம். கிரயப் பத்திரம் இருவர் பெயரிலும் இருக்கிறது. யாருக்கு எவ்வளவு பங்கு என்று அதில் எழுதவில்லை. 45 லட்சம் வங்கிக் கடன், அதுவும் இருவர் பெயரில்தான். மீதி 15 லட்சத்தில் 9 லட்சம் நான் போட்டது, நகையை விற்றதும் அப்பா கொடுத்ததுமாக. தவணையைப் பாதிப் பாதியாகக் கட்டிவந்தோம். 14 மாதங்களுக்கு முன் அவர் தனியாகப் போய்விட்டார். அன்றிலிருந்து மாதம் 39,000 ரூபாயை நானே கட்டுகிறேன். இன்னும் 39 லட்சம் பாக்கி. வீடு இன்றைக்கு 75 லட்சம் போகும். "மனமொத்த விவாகரத்து மனுவில் கையெழுத்துப் போடு, வீட்டை அப்புறம் உன் பெயருக்கு எழுதித் தருகிறேன்" என்கிறார். இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளோடு இங்கேயே இருக்க ஆசைப்படுகிறேன். என்ன செய்யட்டும்?
– வாசகி, சென்னை

பதில்: வீட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத மனுவில் கையெழுத்துப் போடாதீர்கள். அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. நல்ல மனதோடுகூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் தீர்ப்பு வந்த மறுநாள் உங்கள் நிலைமை வேறு.

முதலில் செலவு. தமிழ்நாட்டில் கணவன் மனைவி போன்ற குடும்ப உறுப்பினர்களுக்குள் விடுதலைப் பத்திரம் (கூட்டுச் சொத்தில் ஒருவர் தன் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரம்) எழுதினால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. விவாகரத்துத் தீர்ப்பு வந்தபின் நீங்கள் இருவரும் சட்டத்தின் பார்வையில் கணவன் மனைவி இல்லை. அதே பத்திரத்துக்கு வெளியாருக்கான முத்திரைத் தீர்வை கேட்பார்கள். அது லட்சங்களில் வரும். இரண்டாவது, விவாகரத்து கையில் கிடைத்தபின் உங்களுக்குப் பத்திரம் எழுதித்தர அவருக்கு அவசரம் எதுவும் இருக்காது.

மனமொத்த விவாகரத்தில் முதல் மனுவுக்கும் இறுதி விசாரணைக்கும் இடையே ஆறு மாத இடைவெளி உண்டு. நிறைய நேரம் இருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள். தகுந்த வழக்குகளில் அந்தக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொல்லிவிட்டது. அதனால் வழக்கு நீங்கள் நினைப்பதைவிட வேகமாக முடியலாம். வீட்டு நிபந்தனைகளை மனுவிலேயே எழுதி, விடுதலைப் பத்திரத்தை அந்த இடைவெளிக்குள் பதிவு செய்யுங்கள். வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு நீங்கள் சம்மதத்தை வாபஸ் வாங்கிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவருக்கும் இருக்கும், அதில் நியாயமும் உண்டு. அவருக்குச் சேர வேண்டிய தொகையைப் பதிவு நாளன்றே டிடியாகக் கொடுத்துவிடுவதாக மனுவில் சேர்த்தால் இரு பக்கமும் நிம்மதி.

எவ்வளவு கொடுப்பது? மனைவி என்பதால் பாதி என்ற சட்டம் இங்கே கிடையாது. பத்திரத்தில் பங்கு குறிப்பிடாதபோது, சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு, போட்ட பணத்தின் விகிதப்படி பங்கு என்கிறது. ஆதாரம் இல்லையென்றால்தான் சமபங்கு. உங்கள் 9 லட்சத்தோடு கடனில் பாதி 22.5 லட்சத்தைச் சேர்த்தால் 31.5 லட்சம், அதாவது 52.5 சதவீதம். அவருக்கு 47.5. இன்றைய 75 லட்சத்தில் அவர் பங்கு சுமார் 35.6 லட்சம். அதில் கடனில் அவர் பாதியான 19.5 லட்சம் போக 16.1 லட்சம் நிற்கும். 14 மாதமாக அவருக்காக நீங்கள் கட்டிய பாதித் தவணை 2,73,000. அதையும் கழித்தால் ஏறத்தாழ 13.4 லட்சம். நீங்கள் மட்டும் அங்கே குடியிருந்தீர்கள், வாடகை எங்கே என்று அவர் வக்கீல் கேட்கலாம். மகளும் அங்கேதான் வளர்கிறாள் என்பது உங்கள் பதில். பேரத்தில் கொஞ்சம் இறங்கத்தான் வேண்டியிருக்கும். ஆனால் பேச்சைத் தொடங்க வேண்டிய எண் இதுதான். நகை விற்ற ரசீது, அப்பா பணம் போட்ட பாஸ்புக் பக்கம், பில்டருக்குப் போன காசோலை விவரம் மூன்றையும் இந்த வாரமே தேடி எடுத்துவையுங்கள். அவை கிடைக்காவிட்டால் அந்த 9 லட்சத்தை நிரூபிப்பது கஷ்டம்.

இனி வங்கி. உங்கள் இருவருக்குள் என்ன ஒப்பந்தம் போட்டாலும், நீதிமன்றமே பதிவு செய்தாலும், அது வங்கியைக் கட்டுப்படுத்தாது. முழுக் கடனையும் இருவரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கும் உரிமை அதற்கு உண்டு. அவர் பெயரைச் சும்மா நீக்கிவிட மாட்டார்கள். உங்கள் ஒரு சம்பளத்துக்கு 39 லட்சமும் அவருக்குக் கொடுக்க வேண்டிய தொகையும் தாங்குமா என்று பார்த்து, உங்கள் பெயரில் புதிதாகக் கடன் மறுபடி அனுமதிக்க வேண்டும். உங்கள் வங்கி மறுத்தால் வேறு வங்கிக்கு மாற்றலாம். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மூலப் பத்திரம் வங்கியில் இருப்பதால், விடுதலைப் பத்திரத்துக்கு அவர்களின் தடையில்லாச் சான்றை எழுத்தில் வாங்குங்கள். இந்த ஒப்புதல் வரும் முன் அவரிடம் எந்தத் தொகைக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம்.

கோபத்தில் தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். 90 நாள் தவறினால் வாராக்கடன். பிறகு வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டத்தின் கீழ் வழக்கே போடாமல் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவரலாம். கடன் கொடுக்கும் முன் வங்கிகள் பார்க்கும் சிபில் மதிப்பெண் இருவருக்கும் விழும், தனிக் கடன் கேட்டு நிற்கப்போகும் உங்களுக்கு அதில் நஷ்டம் அதிகம்.

தனிக் கடன் உங்கள் சம்பளத்துக்குக் கிடைக்காது என்று தெரிந்தால், சேர்ந்து விற்றுவிடுவதுதான் நல்லது. வாங்குபவரிடமிருந்து வரும் பணத்தில் கடனை அடைத்து, மீதியை மேலே சொன்ன கணக்கில் பிரித்துக்கொண்டு, மகளின் பள்ளிக்குப் பக்கத்தில் வாடகைக்குப் போங்கள்.

அவர் எதற்கும் சம்மதிக்கவில்லை என்றால் குடும்ப நல நீதிமன்றத்திலேயே பாகப்பிரிவினை கேட்கலாம். ஃபிளாட்டைச் சுவர் வைத்துப் பிரிக்க முடியாது என்பதால், 1893-ஆம் ஆண்டு பாகப்பிரிவினைச் சட்டப்படி நீதிமன்றம் விற்கச் சொல்லலாம். அவர் விற்பனை கேட்டு மனு போட்டால், மதிப்பிட்ட விலைக்கு அவர் பங்கை வாங்கிக்கொள்ளும் வாய்ப்பு அதே சட்டத்தில் உங்களுக்கு உண்டு. வருடக்கணக்கில் இழுக்கும் வழி இது, கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு நடக்கும்போதும் உங்களை வீட்டைவிட்டு அனுப்ப அவரால் முடியாது. நீங்கள் சொந்தக்காரர்; 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் மனைவிக்குப் பகிர்ந்து வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையைத் தருகிறது.