ஒரு துளி நீர், ஒரு கைப்பிடி நுரை

நீர் பட்டால் நுரைத்துப் பொங்கும் பாலியூரித்தேன் பசையில், ஒவ்வொரு சோதனைக்கும் ஒரே அளவு நீரை எப்படி விடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சொட்டுக்குழாயை நம்பாதீர்கள். ஒரு துளி ஏறத்தாழ 0.05 மி.லி. பசையிலுள்ள ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் அந்த நீரோடு முழுமையாக வினைபுரிந்தால், சுமார் 65 மி.லி. கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். துளி கொஞ்சம் பெருத்தாலும் நுரையின் உயரமே மாறிவிடும்.

1 மி.லி.யை 100 அலகுகளாகப் பிரித்த (U-100) இன்சுலின் சிரிஞ்சு எடுங்கள். அதில் ஓர் அலகு 0.01 மி.லி. உள்ளே காற்றுக்குமிழி இருந்தால் தட்டி வெளியேற்றுங்கள். ஊசி முனையைப் பசைக்குள் அமிழ்த்தியே அழுத்துங்கள். வெளியே பிடித்து அழுத்தினால் பாதி நீர் முனையிலேயே முத்துப்போல் ஒட்டி நிற்கும்.

அளவைவிடக் கலக்குவதுதான் முக்கியம் என்பேன். நீர் ஓரிடத்தில் தேங்கினால் அங்கே பெரிய ஓட்டைகள், சுற்றிலும் பிசுபிசுப்பு. தேன்போல் இருந்த பசை சீராக வெளிறும்வரை குச்சியால் கிளறுங்கள்.

கையுறை, காற்றோட்டம் இரண்டும் கட்டாயம். மூடிய பாத்திரத்தில் செய்யவே வேண்டாம், வாயு அழுத்தத்தில் வெடிக்கலாம்.