ஒரே தூரம், போக 10 மணி, வர 12 மணி: ஏன்?

கேள்வி: டோக்கியோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் 8,770 கி.மீ. என்று படித்தேன். மணிக்கு 900 கி.மீ. வேகம் என்றால் ஒன்பதே முக்கால் மணி நேரம்தானே? டிக்கெட்டில் போக 10 மணி நேரம், திரும்ப 12 மணி நேரம் என்று இருக்கிறது. மாலை 5 மணிக்குக் கிளம்பி அதே நாள் காலை 11 மணிக்கு இறங்குவதாகவும் போட்டிருக்கிறார்கள். அச்சுப்பிழையா?

பதில்: பிழை எதுவும் இல்லை. உங்கள் வகுத்தலும் சரிதான். ஆனால் டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல. விமானம் நிறுத்துமிடத்தைவிட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் வந்து நிற்பது வரை கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் மேலேறி இறங்கும்போது வேகம் குறைவதும் அதில் அடக்கம். இவற்றைச் சேர்த்தால் காற்றே இல்லாத நாளிலும் பத்தரை மணி நேரம் ஆகிவிடும்.

அப்படியானால் போகும்போது பத்து மணி நேரத்தில் எப்படி முடிகிறது? காற்றுதான் காரணம். தரையிலிருந்து ஏறத்தாழ 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் ஓடுகிறது. ஜப்பானுக்குக் கிழக்கே அது மிக வலுவானது. குளிர்காலத்தில் மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டுவதும் உண்டு. விமானத்தின் 900 கி.மீ. வேகம் என்பது சுற்றியுள்ள காற்றைப் பொறுத்தது. அந்தக் காற்றே கிழக்கே நகர்ந்தால் விமானத்தையும் சேர்த்து இழுத்துச் செல்லும். திரும்பும்போது எதிர்த்து நிற்கும். 1920களில் பலூன்களை விட்டு இக்காற்றை அளந்தவர் வாசபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய வானிலையாளர். அறிக்கையை எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில் எழுதினார், பாவம். வெளியுலகில் அதைப் படித்தவர்கள் மிகக் குறைவு.

8,770 என்பதும் உருண்டையான பூமியின்மேல் அளந்த மிகக் குறுகிய தூரம் மட்டுமே. அந்தப் பாதை நடுவழியில் ஏறத்தாழ 48 டிகிரி வட அட்சரேகை வரை ஏறும். தட்டையான வரைபடத்தில் பார்த்தால் வீண் சுற்றாகத் தெரியும். விமானி அதிலும் அப்படியே போவதில்லை. கிழக்கே போகும்போது காற்றைத் தேடிப் போவார், திரும்பும்போது அதற்கு விலகிப் போவார். சில நூறு கிலோமீட்டர் கூடினாலும் எரிபொருள் மிச்சம். ஆகவே தூரத்தை வைத்து நேரத்தைக் கணிக்காதீர்கள். உங்கள் பயண மாதத்து அட்டவணையைப் பாருங்கள்.

கடிகாரப் புதிருக்கு ஒரே வழி, இரண்டு நேரங்களையும் ஒரே ஊரின் நேரத்துக்கு மாற்றுவது. மாலை 5 மணியோடு 10 மணி நேரத்தைக் கூட்டினால் டோக்கியோவில் மறுநாள் அதிகாலை 3. கோடையில் லாஸ் ஏஞ்சலஸ் 16 மணி நேரம் பின்தங்கியிருப்பதால் அங்கே முதல் நாள் காலை 11. அமெரிக்கர்கள் நவம்பரில் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுவார்கள், ஜப்பானில் அந்த வழக்கம் இல்லை. அப்போது வித்தியாசம் 17 மணி நேரம்.

திரும்பும்போது இந்த லாபம் கைநழுவும். திங்கள் பகல் 1 மணிக்கு ஏறினால் டோக்கியோவில் இறங்கும்போது செவ்வாய் மாலை 5. விடுதி அறையைத் திங்கள் இரவுக்குப் பதிவு செய்துவிடாதீர்கள்.