பட்டியலில் அவர் பெயரைத் தேடச் சொல்லுங்கள்

கேள்வி: டோக்கியோவில், நிஷிகசாயில் இருக்கிறோம். என் மகனுக்கு 11 வயது. சுமோ என்றால் அவனுக்கு உயிர். அவன் கொண்டாடும் வீரர் முழங்காலில் அடிபட்டு, சம்பளமே இல்லாத பிரிவுக்கு இறங்கிவிட்டார். "அடிபட்டது அவர் தப்பா அம்மா?" என்று அழுகிறான். இனி சுமோவே பார்க்க மாட்டானாம். எப்படித் தேற்றுவது?
- ஒரு வாசகி

பதில்: உங்கள் மகன் கேட்டது நியாயமான கேள்வி. அதை மழுப்பாதீர்கள். அடிபட்டது அவர் தப்பு இல்லை. ஆனால் சுமோவில் களமிறங்காத நாளும் தோற்ற நாள் கணக்குதான். களத்தில் காயம்பட்டவர் ஒரு தொடரில் ஓய்வெடுத்தாலும் தரவரிசை இறங்காமல் காக்கும் விதி ஒன்று முன்பு இருந்தது. 2003-ஆம் ஆண்டோடு அதை எடுத்துவிட்டார்கள். இடம் போய்விடுமே என்ற பயத்தில் கட்டுப்போட்ட காலோடு மோதி, சின்னக் காயத்தைப் பெரிதாக்கிக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கும் இது மனசுக்கு ஒப்பவில்லை. பிள்ளையிடம் அப்படியே சொல்லுங்கள்.

அப்புறம் டெருனோஃபுஜியின் கதையைச் சொல்லுங்கள். மங்கோலியாவிலிருந்து வந்தவர். 2015 மே மாதம், 23 வயதில் முதல் சாம்பியன் பட்டம். கையோடு, உச்சப் பதவியான யோக்கோசுனாவுக்கு ஒரு படி கீழே உள்ள ஓசெகி பதவியும் கிடைத்தது. பிறகு இரண்டு முழங்கால்களும் கைவிட்டன. சர்க்கரை நோயும் கல்லீரல் கோளாறும் சேர்ந்துகொண்டன. ஓசெகி போயிற்று, இரண்டாம் பிரிவான ஜூர்யோவும் போயிற்று.

ஜூர்யோவை இழப்பதுதான் பெரிய அடி. அதுவரை மாதச் சம்பளம் உண்டு. 2019-ல் அது 11 லட்சம் யென். ஒரு படி இறங்கினால் சம்பளம் நின்றுவிடும். பணிவிடை செய்த இளைஞர்கள் போய்விடுவார்கள். பயிற்சியில் வெள்ளை மவாஷி, அதாவது இடைக்கச்சை, கட்டியவர் மறுபடி கறுப்புத் துணி கட்ட வேண்டும், நேற்று வந்த பையன்களைப் போல. உங்கள் மகனின் வீரர் இன்று நிற்பது அங்கேதான்.

டெருனோஃபுஜி அதற்கும் கீழே போனார். 2019 மார்ச்சில் அவர் இருந்தது ஜோனிடானில். ஆறு பிரிவுகளில் ஐந்தாவது. ஓசெகியாக இருந்த ஒருவர் அவ்வளவு கீழே வந்து மோதியது அதுதான் முதல்முறை. இடையில் விட்டுவிடுகிறேன் என்று ஆசானிடம் பலமுறை போய் நின்றார். அந்த ஆசானும் ஒரு முன்னாள் யோக்கோசுனா. முதலில் உடம்பைத் தேற்று, மற்றதை அப்புறம் பேசலாம் என்று ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பினார். என்னைக் கேட்டால், அவர் எழுந்துவந்ததில் பாதிப் பங்கு அந்த மனிதருக்கு.

2020 ஜூலையில் முதல் பிரிவின் அடிவரிசைக்குத் திரும்பினார். திரும்பிய அதே தொடரில் 13 வெற்றி, 2 தோல்வி, சாம்பியன் பட்டம்! 2021-ல் 73-ஆவது யோக்கோசுனா. மொத்தம் வென்ற 10 பட்டங்களில் 9, விழுந்து எழுந்த பிறகு வந்தவை.

ஆனால் "உன் வீரரும் இப்படி வருவார்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். டெருனோஃபுஜியின் முழங்கால்களே முழுசாக ஆறவில்லை. யோக்கோசுனா ஆன பிறகும் பல தொடர்களில் இறங்க முடியாமல், 2025 ஜனவரியில் ஓய்வு பெற்றார். வராமலே போகிறவர்கள்தான் அதிகம். 11 வயதுப் பையனுக்கு இது புரியும்.

அடுத்த தொடருக்கான தரவரிசைத் தாள், பன்சுகே, வந்ததும் ஒன்று வாங்கிக் கொடுங்கள். கீழே போகப் போக எழுத்து பொடியாகிக்கொண்டே வரும். தன் வீரரின் பெயரை அவனே விரல் வைத்துத் தேடட்டும். ஜனவரி, மே, செப்டம்பர் தொடர்கள் ரியோகோகுவில், உங்கள் ஊரிலேயே நடக்கின்றன. மாலைக் கூட்டத்துக்குக் காத்திராமல் காலையிலேயே போய் உட்காருங்கள். அரங்கு பெரும்பாலும் காலியாக இருக்கும். உப்பு வீசும் சடங்கெல்லாம் இருக்காது. சட்டென்று மோதல் தொடங்கி முடிந்துவிடும். அவர் ஏறும்போது பெயர் சொல்லி உரக்கக் கூப்பிடச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் ஒரு குழந்தையின் குரல் களம் வரை கேட்கும்.

ஒன்று மட்டும்: கீழ்ப்பிரிவுகளில் 15 நாளில் 7 மோதல்கள்தான். அவருக்கு அன்று முறை இருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.