சனிக்கிழமை பரோட்டாவுக்கு என்னைக் கூப்பிடுவதில்லை

மேடத்துக்கு வணக்கம்.

எனக்கு 38 வயது. தனியார் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். இரண்டாவது பிரசவத்தில் ஏறிய எடை இறங்கவே இல்லை. 112 கிலோ வரை போனது. கூடவே சர்க்கரை, முழங்கால் வலி. டாக்டர் சொல்லி, வீட்டில் பேசி, எடை குறைய இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டு ஒன்றரை மாதம் ஆகிறது. எடை நன்றாகவே குறைகிறது. சர்க்கரை மாத்திரையைக்கூடக் குறைத்துவிட்டார்கள். சந்தோஷமாக இருக்க வேண்டியவள்தான்.

ஆனால் எதற்கெடுத்தாலும் அழுகை வருகிறது. கஞ்சித் தண்ணீர், மிக்ஸியில் அடித்த பருப்பு எல்லாம் முடிந்து, இப்போது இட்லி, முட்டை, பனீர் என்று மிருதுவான சாப்பாடு. அரை இட்லிக்கே நெஞ்சுக்குழியில் அடைத்துக்கொள்கிறது. போன வாரம் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவசரமாக விழுங்கினேன், உடனே வாந்தி.

வீட்டில் மூன்று வேளையும் நான்தான் சமைக்கிறேன். பசி இல்லை, ஆனால் தாளிக்கிற வாசனை வந்தால் சாப்பிட வேண்டும்போல் இருக்கிறது. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு செல்போனில் பிரியாணி வீடியோ பார்க்கிறேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

கல்யாணமான நாளிலிருந்து சனிக்கிழமை ராத்திரி நானும் வீட்டுக்காரரும் வண்டியில் போய்ப் பரோட்டா சாப்பிட்டு வருவோம். இப்போது என்னைக் கூப்பிடுவதே இல்லை. கேட்டால், "உன்னை வைத்துக்கொண்டு நான் எப்படிச் சாப்பிடுவது" என்கிறார். மாமியாரோ, "கோழி கொத்துகிற மாதிரி சாப்பிட்டால் உடம்பில் என்ன தங்கும்" என்று தட்டில் வைத்துக்கொண்டே இருக்கிறார். பள்ளியில் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதம் நாத்தனார் வளைகாப்பு. பந்தியில் எல்லோர் கண்ணும் என் இலையில்தான் இருக்கும். ஏன்தான் இதைச் செய்துகொண்டேனோ என்று இருக்கிறது.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
திண்டுக்கல் மாவட்டம்

அன்புச் சகோதரிக்கு,

இந்தக் கட்டத்தில் 'ஏன்தான் செய்தேனோ' என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். உடம்பு அரைவயிற்றுக் கணக்கில் ஓடுகிறது, தெம்பு இல்லை, ஹார்மோன்களும் ஏறி இறங்குகின்றன. எடை குறைந்தால் சந்தோஷம் தானாக வந்துவிடும் என்றுதான் ஊரே சொல்கிறது. அதனாலேயே அழுகிறவர்கள் வெளியில் சொல்வதில்லை.

பசியில்லாமல் ஆசை மட்டும் எப்படி என்று குழம்பியிருக்கிறீர்கள். ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை எடுத்துவிடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் சுரக்கிறது. அதனால் பசி அடங்கிவிடுகிறது. ஆனால் கடுகு வெடித்தால் நாக்கு ஊறுகிற பழக்கம் மூளையில் இருப்பது. அங்கே யாரும் கத்தி வைக்கவில்லை. அது மெல்லத்தான் தணியும்.

சரி, பிரியாணி வீடியோ. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எனக்குக் கேட்கத் தோன்றுவது வேறு: ஆபரேஷனுக்கு முன்பு அந்த நேரத்தில் என்ன செய்வீர்கள்? பள்ளி, அடுப்படி, நோட்டுத் திருத்தம் எல்லாம் முடிந்து, உங்களுக்கென்று கிடைக்கிற ஒரே நேரம் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்போது ஒரு முறுக்கோ மிக்சரோ துணைக்கு இருந்திருக்கலாம். அலுப்புக்கும், கோபத்துக்கும், தனிமைக்கும் இத்தனை வருடம் சாப்பாடுதான் பதில் சொல்லிவந்தது. இப்போது அது இல்லை. உங்களுக்கு வருவது இழப்பின் துக்கம். அழுதால் அழுதுவிட்டுப் போங்கள். அந்த நேரத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தோழியோடு போன், மாடியில் நடை, விட்டுப்போன எம்ப்ராய்டரி, எது உங்களுக்குப் பிடிக்குமோ அதற்குக் கொடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆபரேஷன் ஆனவரே மூன்று வேளையும் அடுப்படியில் நிற்பது என்ன நியாயம்? கொஞ்ச நாளைக்காவது ராத்திரிச் சமையலை வீட்டுக்காரர் பார்க்கட்டும். உப்பு, உறைப்பு பார்க்கிற வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

சாப்பாட்டுக்கு உங்கள் டயட்டீஷியன் கொடுத்த தாள்தான் முதல் வார்த்தை. நான் சொல்வதெல்லாம் வேகத்தைப் பற்றி. சின்னத் தட்டு, சின்ன ஸ்பூன், ஒரு வேளைக்கு இருபது, முப்பது நிமிடம். விக்கல் வந்தாலோ, மூக்கில் நீர் ஒழுகினாலோ, நெஞ்சு கனத்தாலோ அந்த வாயோடு நிறுத்திவிடுங்கள். சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம், அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். பொதுவாக ஒரு நாளைக்கு 60 கிராமாவது புரதம் வேண்டும் என்பார்கள். ஒரு முட்டையில் இருப்பது ஆறு கிராம்தான், அதனால் தட்டில் முட்டையும் பருப்பும் முந்த வேண்டும், இட்லி பிறகு. பஸ் பிடிக்கிற காலையில் திட உணவே வேண்டாம். டயட்டீஷியன் சொன்ன புரத பானத்தை மெல்ல மெல்லக் குடித்துவிட்டு, முட்டையை முதல் இடைவேளைக்கு எடுத்துப்போங்கள்.

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது அதுதான். வீட்டுக்காரர் உங்களைத் தவிர்க்கவில்லை, உங்கள் முன்னால் சாப்பிடக் கூச்சப்படுகிறார். ஆனால் அந்தக் கூச்சத்தில் உங்கள் இருவருக்குமான ஒரே தனிப்பொழுது போய்விட்டது. நீங்களே வண்டியில் ஏறி உட்காருங்கள். "நீங்கள் சாப்பிடுங்கள், நான் கூட இருக்க வேண்டும், அவ்வளவுதான்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பரோட்டா இப்போது ஆகாது; மைதா பிசினாகி அடைத்துக்கொள்ளும். சால்னா காரமும் வேண்டாம். ஆனால் அதே கடையில் அரைவேக்காட்டு முட்டைக் கலக்கி கிடைக்குமே! டயட்டீஷியன் சரி என்றால், எண்ணெயைக் குறைத்து, இன்னும் கொஞ்சம் வேகவிடச் சொல்லி, அதில் நாலு ஸ்பூன் எடுத்துக்கொள்ளுங்கள். மீதி அவருக்கு. வாசனை தாங்க முடியாத ராத்திரியில் கடையை விட்டுவிட்டுச் சும்மா வண்டியில் ஒரு சுற்றுப் போய் வாருங்கள்.

மாமியாருக்குத் தெரிந்த அன்பு தட்டில் வைப்பதுதான். நீங்கள் சொன்னால் எடுபடாது, அடுத்த செக்கப்புக்குக் கூட்டிப்போய் டாக்டர் வாயால் கேட்க வையுங்கள். அப்புறம், பாசிப்பருப்பைக் குழையக் கடைந்து தரும் பொறுப்பை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

பள்ளியில் எல்லோருக்கும் சொல்லத் தேவையில்லை, அது உங்கள் உடம்பு. ஆனால் வகுப்பில் தலைசுற்றினால் விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். நம்பிக்கையான ஒரு டீச்சரிடம் மட்டும் சொல்லி வையுங்கள். வளைகாப்பில் இலையில் உட்காராதீர்கள். வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போய், பந்தி விசாரிக்கிற பக்கம் நின்றுகொள்ளுங்கள். விசாரிக்கிறவர் சாப்பிட்டாரா என்று யாரும் பார்ப்பதில்லை. குண்டாவைத் தூக்குகிற வேலை மட்டும் வேண்டாம். யாராவது துருவினால், "டாக்டர் கொஞ்சமாகத்தான் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்" என்று ஒரே வரி. அதற்கு மேல் பேச்சு வேண்டாம்.

மூன்றாவது மாதத்துக்கு மேல் முடி கொட்டலாம். பயந்துவிடாதீர்கள், புரதமும் இரும்புச்சத்தும் சரியாக இருந்தால் பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். பி12 முதலான சத்து மாத்திரைகளை ஆயுளுக்கும் விடக் கூடாது. முழங்கால் வலிக்கு மெடிக்கலில் நீங்களாக மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், டாக்டரைக் கேட்டுத்தான். வாந்தி ஒரு முறை வந்தது போகட்டும். தொடர்ந்து வந்தாலோ, தண்ணீர்கூடத் தங்காவிட்டாலோ, காய்ச்சலோ படபடப்போ இருந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாந்தி நீடித்தால் வைட்டமின் பி1 குறைந்து நரம்பைப் பாதிக்கும்.

இந்த ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு மனச்சோர்வு நோயாகவே வருவதுண்டு. அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தாலோ, தூக்கம் கெட்டாலோ, சர்ஜனிடம் சொல்லி மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழ்ந்து என்ன என்று ஒரு நொடி தோன்றினாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.