சொல் கேளுங்கள்: 'பிளைண்ட்' என்றால் எல்லா இடத்திலும் குருடு இல்லை

போன இதழில் மருந்துச் சோதனை பற்றிய ஒரு பதிலில் 'டபுள் பிளைண்ட்' என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நிறைய பேர் எழுதிவிட்டீர்கள். சரி, இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

*நாளிதழ் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். 'டபுள் பிளைண்ட் டிரையல்' என்பதை 'இரட்டைக் குருட்டுச் சோதனை' என்று போட்டேன். ஆசிரியர் அடித்துவிட்டார், ஆனால் மாற்றுச் சொல் தரவில்லை. நான் எழுதியது தவறா? (மதுரை வாசகர்)*

தவறுதான். அந்தச் சோதனையில் யாருக்கும் பார்வைக் குறை இல்லை. மருந்து யாருக்குப் போகிறது, வெறும் மாத்திரை யாருக்குப் போகிறது என்பது நோயாளிக்கும் தெரியாது, அவரைப் பரிசோதிக்கும் மருத்துவருக்கும் தெரியாது, அவ்வளவுதான் பொருள். 'இருதரப்பும் அறியாச் சோதனை' என்று போடுங்கள், படிப்பவருக்கு உடனே விளங்கும்.

ஆனால் இந்தச் சொல்லுக்குப் பின்னால் நிஜமாகவே கண்ணைக் கட்டிய கதை ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனசில்லை. 1784-ல் பாரிஸில் மெஸ்மர் என்ற மருத்துவரின் 'காந்த' வைத்தியம் பெரிய பரபரப்பாக இருந்தது. கையை அசைத்தால் உடம்புக்குள் ஏதோ ஒரு சக்தி பாய்ந்து நோய் தீரும் என்றார்கள். பதினாறாம் லூயி மன்னர் ஒரு விசாரணைக் குழு போட்டார், அதில் அமெரிக்கத் தூதராக அங்கே இருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் வேதியியலாளர் லவாய்சியரும் இருந்தார்கள். ஃபிராங்க்ளின் வீட்டுத் தோட்டத்தில் மெஸ்மரின் சீடர் ஒரு மரத்துக்கு மட்டும் 'காந்தம்' ஏற்றினார். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனைக் கண்ணைக் கட்டி ஒவ்வொரு மரமாக அழைத்துப் போனார்கள். காந்தம் ஏற்றாத நாலாவது மரத்தடியில் பையன் மயங்கி விழுந்துவிட்டான். எது காந்த மரம் என்று தெரியாமல் போனதும் வைத்தியம் நம்பிக்கையால் வேலை செய்ததே தவிரக் காந்தத்தால் இல்லை என்பது வெளிச்சமாகிவிட்டது. இன்றைக்கு யார் கண்ணையும் கட்டுவதில்லை, மாத்திரை டப்பாவில் பெயருக்குப் பதில் எண் போடுகிறார்கள், சொல் மட்டும் ஒட்டிக்கொண்டது.

கண் மருத்துவ ஆய்வுகளில் பெரும்பாலும் 'பிளைண்ட்' என்ற சொல்லைத் தவிர்த்து 'மாஸ்க்ட்', அதாவது மறைக்கப்பட்டது, என்று எழுதுவார்கள். கண் சிகிச்சைக்கு வந்து உட்கார்ந்திருப்பவரிடம் போய் 'உங்களை பிளைண்ட் சோதனையில் சேர்க்கிறோம்' என்றால் அவருக்கு எப்படி இருக்கும்? ஆங்கிலேயருக்கே அந்த இடத்தில் இந்தச் சொல் உறுத்துகிறது என்றால், தமிழில் அதை அப்படியே 'குருடு' ஆக்குவது எவ்வளவு உறுத்தும் என்று பாருங்கள்.

*ஜன்னல் திரைக்கு ஏன் 'பிளைண்ட்ஸ்' என்று பெயர்? முட்டுச்சந்துக்கும் 'பிளைண்ட் ஆலி' என்கிறார்கள். சந்துக்கு ஏது கண்? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)*

நல்ல கேள்வி அம்மா, எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வியும்கூட.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் கண்ணைத் தாண்டிப் பல கிளைகளாகப் போயிருக்கிறது. ஒன்று, பார்வையை மறைப்பது. ஜன்னல் பிளைண்ட்ஸ் அந்த வகை, வெளியே இருப்பவருக்கு உள்ளே தெரியாமல் செய்கிறது. அமெரிக்காவில் வேட்டைக்காரர்களும் பறவை பார்ப்பவர்களும் ஒளிந்து உட்காரும் மறைப்புக்கும் 'பிளைண்ட்' என்றே பெயர், பிரிட்டனில் அதையே 'ஹைட்' என்பார்கள். வளைவில் எதிரே வரும் வண்டி தெரியாத இடம் 'பிளைண்ட் கர்வ்'. இதிலெல்லாம் ஓட்டுநரின் கண்ணில் ஒரு குறையும் இல்லை, குறை சாலையில்தான்.

இன்னொரு கிளை, திறப்பு இல்லாதது. முட்டுச்சந்து இதில்தான் சேரும். ஒரு பக்கம் திறந்திருக்கும், மறுபக்கம் சுவர். கட்டடக் கலையில் ஜன்னல் மாதிரியே சட்டமெல்லாம் வைத்து நடுவில் செங்கல் அடைத்திருந்தால் அது 'பிளைண்ட் விண்டோ'. இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை ஜன்னலுக்கு வரி இருந்தது, வரிக்குப் பயந்து அடைத்தவர்கள் உண்டு. ஆனால் பழைய வீடுகளில் தெரியும் எல்லா அடைத்த ஜன்னலும் வரியால் வந்தது என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வதை நம்ப வேண்டாம், இருபுறமும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்று முதலிலேயே அடைத்துக் கட்டியவையும் நிறைய.

இந்தத் 'திறப்பு இல்லாதது' என்ற பொருள் ஆங்கிலத்துக்கு மட்டும் சொந்தமில்லை. பெருங்குடல் தொடங்கும் இடத்தில் பை மாதிரி ஒரு பகுதி இருக்கிறது, ஒரு முனை மூடியது, குடல்வால் அதிலிருந்துதான் தொங்கும். அதைப் பழைய கிரேக்க மருத்துவர்கள் குருடு என்ற பொருள் வரும் சொல்லால் அழைத்தார்கள். லத்தீனில் அதுவே 'சீக்கம்' ஆயிற்று, ஜெர்மனில் 'பிளிண்ட்டார்ம்' ஆயிற்று, தமிழ் உடற்கூறு நூல்களில் 'குருட்டுக்குடல்' என்று வந்து உட்கார்ந்துவிட்டது. குடலுக்கு ஏது கண் என்று நம் மருத்துவ மாணவர்கள் யாரும் கேட்பதில்லை, பழகிவிட்டது. லத்தீனில் குருடு என்பதற்கான 'கைக்கஸ்' என்ற சொல்லிலிருந்துதான் செசில், செசிலியா என்ற பெயர்கள் வந்தன என்றும் சொல்வார்கள். அந்தப் பெயர் வைத்திருக்கும் தோழி இருந்தால் பார்த்துப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

மூன்றாவது கிளை 'தகவல் இல்லாமல்'. முன்பின் பார்க்காதவரைச் சந்திக்கப் போகும் 'பிளைண்ட் டேட்', பெயர் தெரியாமல் சுவைத்துப் பார்க்கும் 'பிளைண்ட் டேஸ்டிங்', மேலே சொன்ன மருந்துச் சோதனை எல்லாம் இதில் வரும். பலகாரம் செய்பவர்கள் உள்ளே பூரணம் வைக்காமல் வெளி மாவுக் கூட்டை மட்டும் சுடுவதற்கு 'பிளைண்ட் பேக்கிங்' என்பார்கள், அது இந்த மூன்றிலும் அடங்காது, தனியாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

*'டர்ன் எ பிளைண்ட் ஐ' என்பது நெல்சன் கதையா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)*

கதை அப்படித்தான் சொல்லப்படுகிறது ஐயா. 1794-ல் கோர்சிகாத் தீவில் கால்வி முற்றுகையின்போது குண்டு விழுந்து தெறித்த கல்லும் மண்ணும் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் வலக்கண்ணைப் பாழாக்கின. 1801 ஏப்ரல் 2, கோபன்ஹேகன் போர். தலைமைத் தளபதி ஹைட் பார்க்கர் சண்டையை நிறுத்தச் சொல்லிக் கொடியேற்றினார். நெல்சன் தொலைநோக்கியைப் பார்வை போன கண்ணில் வைத்துக்கொண்டு எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று சொல்லிவிட்டுச் சண்டையைத் தொடர்ந்தார், ஜெயித்தும் விட்டார். தொலைநோக்கி விவரம் பிற்பாடு சேர்ந்தது என்று சொல்லும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. அப்புறம், படங்களில் அவருக்கு ஒரு கண்ணில் கறுப்புத் துணி கட்டிவிடுகிறார்களே, அது நிஜமில்லை, டிரஃபால்கர் சதுக்கத்துச் சிலையைப் பார்த்தால் கட்டு எதுவும் இருக்காது.

தமிழில் இதற்கு நம்மிடம் இருப்பது 'கண்டும் காணாமல்'. எனக்கு இதுதான் ஆங்கிலத்தைவிடச் சரியாகப் படுகிறது. ஏனென்றால் நெல்சன் கொடியைக் கண்டார், கண்ட பிறகுதான் காணாமல் இருந்தார். அந்தத் தந்திரத்துக்குப் பார்வையற்றவர்களின் பெயரை இழுக்க வேண்டிய அவசியமே இல்லை, நம் சொல் இழுக்கவும் இல்லை.

*குருடனுக்குக் குருடன் வழிகாட்டினால் இருவரும் குழியில் விழுவார்கள் என்பது பைபிள் வசனம். திருமந்திரத்திலும் 'குருடும் குருடும் குழிவிழு மாறே' என்று வருகிறதே, யார் யாரிடமிருந்து எடுத்தார்கள்? (வாசகர், நாகர்கோவில்)*

யாரும் யாரிடமிருந்தும் எடுத்திருக்க வேண்டியதில்லை. இரண்டுக்கும் முன்பே கட உபநிடதத்தில், குருடர் வழிநடத்தும் குருடர்களைப் போல மூடர்கள் சுற்றி அலைகிறார்கள் என்று வருகிறது. எல்லா ஊரிலும் தோன்றக்கூடிய உவமை.

திருமூலர் அங்கே பேசுவது அறியாமையை நீக்காத குருவைப் பற்றி. கருத்தில் எனக்கு மறுப்பே கிடையாது. உவமைதான் இடிக்கிறது. விடுதியில் என் அறைத்தோழருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அவரும் அவரைப் போன்ற இன்னொரு நண்பரும் சேர்ந்து ரயில் ஏறி ஊருக்குப் போய்வருவார்கள், ஒரு முறைகூடக் குழியில் விழவில்லை. வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு நடப்பதே குழி எங்கே இருக்கிறது என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ளத்தானே. மழைக்காலத்தில் மூடி திறந்து கிடந்த சாக்கடையில் காலை விட்டது நான், கண் நன்றாகத் தெரிகிற நான். என் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டவர் அவர்.

ஆங்கிலமோ தமிழோ, இந்தச் சொல்லின் மற்ற கிளைகள் எனக்கு உறுத்துவதில்லை. முட்டுச்சந்தும் குடலும் யாரையும் காயப்படுத்தாது. அறியாமைக்கும் பிடிவாதத்துக்கும் முட்டாள்தனத்துக்கும் பார்வையின்மையைப் பெயராக வைக்கும் கிளை மட்டும்தான் வலிக்கிறது. 'பிளைண்ட் ஃபெய்த்' என்பதை 'குருட்டு நம்பிக்கை' என்று எழுதாமல் 'கண்மூடித்தனமான நம்பிக்கை' என்று எழுதுங்கள், கண்ணை மூடுவது நாமாகச் செய்வது, பொருளும் இன்னும் பொருந்துகிறது.

*'பிளைண்ட்ஃபோல்ட்' என்பது துணியை மடித்துக் கட்டுவதால் வந்ததுதானே? (பத்தாம் வகுப்பு மாணவன், ஈரோடு)*

இல்லை தம்பி. பழைய சொல்லில் பின்பாதி 'ஃபெல்', அதாவது வீழ்த்துவது, அடிப்பது. 'அடித்துக் குருடாக்கு' என்பதுதான் மூலப்பொருள். அந்தப் பொருள் மறந்துபோன பிறகு மக்கள் அதை 'ஃபோல்ட்' (மடி) என்று கேட்டுக்கொண்டார்கள்.

*அப்பாவுக்குச் சர்க்கரையால் பார்வை குறைந்துவிட்டது, ஆனாலும் வீட்டுக்குள் நடமாடுகிறார், டிவி பக்கத்தில் உட்கார்ந்தால் தெரிகிறது என்கிறார். அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் அவர் 'லீகலி பிளைண்ட்' என்கிறார். இங்கே முகாமில் 'குறைபார்வை' என்று எழுதித் தந்தார்கள். யார் சொல்வது சரி? அந்த வார்த்தையைக் கேட்டு அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. (வாசகி, சென்னை)*

அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: 'பிளைண்ட்' என்று சட்டம் சொல்வது முழு இருட்டை மட்டும் இல்லை. அப்படிச் சான்றிதழ் வாங்கியவர்களில் பெரும்பாலோருக்கு வெளிச்சமோ உருவமோ ஓரளவு தெரியும்.

அமெரிக்க அளவு 20/200. மற்றவர் 200 அடி தூரத்தில் படிக்கும் எழுத்தை இவர் 20 அடிக்கு வந்தால்தான் படிக்க முடியும் என்றால், அதுவும் நல்ல கண்ணில், கண்ணாடி போட்ட பிறகும், சட்டப்படி பிளைண்ட். உதவித்தொகை யாருக்குத் தருவது என்று ஒரு கோடு கிழிக்க 1930-களில் வந்த கணக்கு அது. மீட்டரில் அதுவே 6/60. நம் ஊரில் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கோடு இன்னும் கீழே இருக்கிறது: 3/60-க்கும் குறைவாக இருக்க வேண்டும், அல்லது பார்வைப் பரப்பு, அதாவது நேரே பார்க்கும்போது கண்ணில் படும் அகலம், 10 பாகைக்கும் குறைவாக இருக்க வேண்டும். 6/18-க்குக் கீழே 3/60 வரை 'குறைபார்வை'. அதனால் உங்கள் அப்பாவின் அளவு 6/60 என்று வைத்துக்கொண்டால் அண்ணன் சொல்வதும் சரி, முகாமில் எழுதியதும் சரி. விமானம் ஏறி இறங்கினால் பெயர் மாறும், கண் மாறாது. குறைபார்வைச் சான்றிதழுக்கும் சலுகைகள் உண்டு, சதவீதம் எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். சர்க்கரையால் வந்தது என்பதால் விழித்திரைப் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

அந்த வார்த்தை பற்றி இன்னொன்று. ஆங்கிலத்தில் 'பிளைண்ட்' வசைச் சொல் கிடையாது. அமெரிக்காவில் 1940-ல் பார்வையற்றவர்களே தொடங்கிய தேசியக் கூட்டமைப்பு, எங்களைச் சுற்றி வளைத்துக் கூப்பிடாதீர்கள், பிளைண்ட் என்றே சொல்லுங்கள் என்று 1993-ல் தீர்மானமே போட்டது. பிரிட்டனின் பெரிய நிறுவனம் ஒன்று 'பிளைண்டுக்காக' என்றிருந்த பெயரை 2002-ல் 'பிளைண்டின்' என்று மாற்றியது, 2007-ல் 'பிளைண்ட் மக்களின்' என்று மறுபடி மாற்றியது. அந்தச் சொல்லை விடவில்லை, பக்கத்தில் 'மக்கள்' என்று சேர்த்துக்கொண்டார்கள். தமிழில் 'குருடு' அப்படியில்லை, அது தெருச்சண்டையில் அடிபட்டு வந்த சொல். அண்ணன் ஆங்கிலத்தில் சாதாரணமாகச் சொன்னது அம்மா காதில் தமிழாக விழுந்திருக்கிறது. 'பார்வைக் குறை' என்று சொல்லச் சொல்லுங்கள்.

*எங்கள் வங்கிக் கிளைக்குப் பார்வையற்ற அதிகாரி ஒருவர் புதிதாக வந்திருக்கிறார். ஆங்கிலத்தில் 'சீ யூ டுமாரோ' என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் சங்கடப்பட்டது போலத் தெரிந்தது. (வாசகி, கோவை)*

சங்கடப்பட்டது நீங்கள் சொன்ன சொல்லுக்காக இருக்காது, மன்னிப்புக்காக இருக்கும். பார்வையற்றவர்களும் நேற்று மேட்ச் பார்த்தேன், நாளை பார்க்கலாம் என்றுதான் பேசுவார்கள். தமிழில் 'பார்' இல்லாமல் வாயே திறக்க முடியாது: கேட்டுப் பார், ருசித்துப் பார், தொட்டுப் பார், முயன்று பார். இதில் எதற்குமே கண் வேண்டாம். என் அறைத்தோழர் சாம்பாரைக் கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிவிட்டு 'உப்பு பார்த்துட்டேன், சரியா இருக்கு' என்பார். நாளைக்கு வேலை முடிந்து கிளம்பும்போது அதே 'சீ யூ டுமாரோ'வை மறுபடி சொல்லுங்கள், மன்னிப்பை மட்டும் விட்டுவிடுங்கள்.