புது பேட்டரி போட்டும், இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டால் பழைய கார் செல்ஃப் எடுக்கவில்லை. ஆல்டர்னேட்டரை (இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் கருவி) மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

இப்போதைக்கு வேண்டாம். இரண்டு மூன்று நாள் நிறுத்தினாலே பேட்டரி இறங்கிவிடுகிறது என்கிறீர்கள். ஓடும்போது சார்ஜ் ஏறவில்லையா, நிற்கும்போது ஏதாவது கரன்டை இழுக்கிறதா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு வோல்ட் அளக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும்.

இரவு முழுக்க நின்ற வண்டியில், எதையும் ஆன் செய்யாமல் மீட்டரை பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. அப்புறம் இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். பழைய வண்டிகளில் பொதுவாக 13.8 முதல் 14.5 வரை வரும். 13-க்குக் கீழே நின்றால் சார்ஜ் சரியாக ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைச் சந்தேகிக்க வேண்டும், அது புது பேட்டரியையும் கெடுத்துவிடும்.

சார்ஜ் குறைவாக இருந்தாலும் பழி ஆல்டர்னேட்டர் மேல்தான் என்று முடிவு கட்டாதீர்கள். பெல்ட் தளர்ந்திருக்கலாம். சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள். பல பழைய கார்களில் ஆல்டர்னேட்டர் வேலையைத் தொடங்கத் தேவையான கரன்ட் அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு ஃபியூஸ் ஆனால் சார்ஜிங்கும் நின்றுபோகலாம்.

பழைய வண்டியில் நான் அதிகம் சந்தேகப்படுவது எர்த் வயரைத்தான், அதாவது பேட்டரியின் நெகட்டிவ் முனையை வண்டியின் உலோகத்தோடு இணைக்கும் வயரை. எங்கள் வீட்டுக் காரில் இதேதான் நடந்தது. மேலே பார்த்தால் டெர்மினல் பளிச்சென்று இருந்தது. பேட்டரியிலிருந்து பாடிக்கு வரும் எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றினால், அடியில் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளை உலோகம் தெரிந்த பிறகு இறுக்கினோம். ஆல்டர்னேட்டரைத் தொடவே இல்லை.

இதைக் கழற்றாமலே சோதிக்கலாம். இன்ஜின் ஓட, ஹெட்லைட் எரிய, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மற்றதை ஆல்டர்னேட்டரின் உலோக உடம்பிலும் வையுங்கள். வயரைப் பிடித்திருக்கும் கிளாம்பில் வைக்காதீர்கள், ஈயக் கம்பத்தின் மேலேயே வைக்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வழியில் எங்கோ தடை இருக்கிறது. கையும் வயரும் பெல்ட்டுக்கு அருகே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வோல்டேஜ் சட்டென்று எகிறி, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசிஎம் வரை கெட்டுப்போகலாம்.

சார்ஜ் சரியாக ஏறுகிறது என்றால், நிற்கும்போது இழுப்பது எது என்று தேடுங்கள். 300 மில்லிஆம்பியர் இழுத்தால்கூட ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர்-ஹவர் போகிறது. 40 ஆம்பியர்-ஹவர் பேட்டரி மூன்று நாளில் பாதிக்கு மேல் காலி. 50 மில்லிஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளைப் பூட்டி, அரை மணி நேரமாவது விட்டுவிடுங்கள். பிறகு ஒவ்வொரு ஃபியூஸின் முதுகிலும் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளுக்கு நடுவே மில்லிவோல்ட் பாருங்கள். எதில் ரீடிங் வருகிறதோ அந்த லைனில் கரன்ட் ஓடுகிறது. வண்டி வாங்கிய பிறகு மாட்டிய ஸ்டீரியோ, அலாரம், டிக்கி விளக்கு, இவைதான் அடிக்கடி மாட்டும்.

எந்த ஃபியூஸிலும் ஒன்றும் இல்லை, ஆனாலும் பேட்டரி இறங்குகிறது என்றால் ஆல்டர்னேட்டருக்குள் கரன்டை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு கசியலாம். அப்போது அதைக் கழற்றி பெஞ்சில் சோதிக்கச் சொல்லுங்கள். பல நேரம் டயோடு தட்டை மட்டும் மாற்றினாலே போதும்.